பேழையின்றியும் புதையல் உண்டோ?

மறைந்துள்ளதைத் தேடிக் காணும் வேட்கை மக்கட்கு இளமையிலேயே தோன்றி முதுமையளவும் நீங்காதிருப்பதோர் இயல்பாம். கண்ணாமூச்சி ஆடும் குழந்தையும், தேய்ந்த செப்பேட்டின் எழுத்தை ஆராயும் புலவரும், விண்மீன்களின் இயக்கத்தை நோக்கும் வானநூலாரும் இவ்வேட்கையால் உந்தப்பட்டவரேயாவர். இதனைத் தற்காலக் கருவிகளோடு இணைத்து, உலகம் முழுவதையும் ஆடுகளமாகக் கொண்டு ஆடும் விளையாட்டொன்று உளது. அதனை ஜியோகேஷிங் என்று வழங்குவர். ஜியோ என்பது நிலத்தையும், கேஷ் என்பது மறைத்து வைத்த இருப்பையும் குறிக்கும். நாம் அதனை ‘மறைபேழைத் தேட்டம்’ எனலாம். இவ்விளையாட்டின் நேரிய முறை யாது, அம்முறையினின்று விலகித் தோன்றிய புதுவகைகள் யாவை, அவற்றைப்பற்றி ஆடுவோரிடையே நிகழும் கருத்து வேறுபாடுகள் எவை, காவிரி நாட்டினராகிய நமக்கு அவற்றுள் ஏற்புடையது எது என்பவற்றை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

விளையாட்டின் தோற்றமும் முறையும்

நிலவுலகின் ஒவ்வோரிடத்திற்கும் முகவரிபோல அமைந்தவை அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஆகும். நம் மன்னார்குடி, வட அட்சம் 10 பாகை 40 கலை, கிழக்குத் தீர்க்கம் 79 பாகை 27 கலை என்னும் அளவில் அமைந்துள்ளது. அட்சத்தில் ஒரு கலை என்பது நிலத்தில் ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர்த் தொலைவாம். கலையை ஆயிரமாகப் பகுத்தால் ஒரு கூறு இரண்டு மீட்டருக்கும் குறைந்து நிற்கும். ஆகவே ஊரை மட்டுமன்றி ஊரிலுள்ள ஒரு மரத்தையும் எண்களால் சுட்டிவிடலாம் என்பது பெறப்படும்.

அவ்வெண்களை நின்றவிடத்திலேயே அறிவிப்பது ஜி.பி.எஸ். என்னும் அமைப்பு. ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் நிலவுலகைச் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் குறிகள் நம் கையிலுள்ள கருவியை வந்தடையும் காலத்தைக் கணக்கிட்டு, அக்கருவி தான் இருக்கும் இடத்தை அறிகின்றது. அமெரிக்கப் படைத்துறையினர் அமைத்த இவ்வமைப்பில், பொதுமக்கள் பெறும் குறிகளில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டிருந்தது. அதனால் கருவி காட்டும் இடம் உண்மையான இடத்தினின்று நூறு மீட்டரளவும் விலகுதல் கூடும். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்நாட்டுத் தலைவர் கிளிண்டனின் ஆணையால் இப்பிழை நீக்கப்பட்டது. உடனே கருவிகளின் நுட்பம் பன்மடங்கு மிகுந்தது.

அந்நுட்பத்தைச் சோதிக்க விரும்பிய டேவ் உல்மர் என்பார், மே 3-ஆம் நாள் ஆரிகன் மாகாணத்தில் பீவர்கிரீக் என்னும் ஊரருகே ஒரு கரிய வாளியில் புத்தகம், கவண் முதலிய சில பொருள்களை இட்டு மறைத்து, அவ்விடத்தின் எண்களை இணையத்தின்வழி அறிவித்தார். அதனை முதன்முதல் தேடிக் கண்டவர் மைக் டீக் என்பவர். அவ்வாண்டு மே மாதத்திலேயே மேட் ஸ்டம் என்பார் ஜியோகேஷிங் என்னும் பெயரை வழங்கினார். செப்டெம்பர் மாதத்தில் ஜெரமி ஐரிஷ் என்பார் இதற்கெனத் தனி வலைத்தளம் ஒன்றை நிறுவினார். இற்றை நாளில் அத்தளத்தில் பதிவாகியுள்ள பேழைகள் உலகெங்கும் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்டன.

இவ்விளையாட்டின் நேரிய முறை மூன்று உறுப்புக்களை உடையது. முதலாவது, ஒருவர் நீர் புகாத பேழையொன்றை மறைத்து அதன் எண்களை வெளியிடுதல். இரண்டாவது, பிறர் அவ்வெண்களின் துணையால் அவ்விடத்தை அடைந்து பேழையைக் காணுதல். மூன்றாவது, பேழையினுள் உள்ள சிற்றேட்டில் தம் பெயரும் நாளும் பொறித்து, பேழையை இருந்தவாறே மறைத்து மீளுதல். பேழையிலுள்ள சிறு பொருளொன்றை எடுத்துக்கொள்வோர் அதற்கு ஈடாக மற்றொன்றை வைத்தல் வழக்கம். நிலத்தை அகழ்ந்து புதைத்தல் கூடாது. நிலத்துக்குரியவர் இசைவு வேண்டும். ஒரு பேழைக்கும் மற்றொன்றுக்கும் இடையே 161 மீட்டரேனும் இருத்தல் வேண்டும் என்பன இதன் விதிகளுட் சில.

இதற்கு முன்னோடியும் உண்டு. இங்கிலாந்திலுள்ள டார்ட்மூர் என்னும் மேட்டுநிலத்தில் வழிகாட்டியாயிருந்த ஜேம்ஸ் பெரட் என்பார், 1854-ஆம் ஆண்டில் எளிதில் சென்றடைய இயலாத கிரான்மியர் குளத்தருகே ஒரு புட்டியை வைத்தார். அங்கு வருவோர் தம் பெயர்ச் சீட்டை அதனுள் இட்டுச் சென்றனர். பின்னர் இது பெட்டியும் முத்திரையுமாக வளர்ந்து, இன்றளவும் நிகழ்ந்துவருகின்றது.

புதுவகைகள்

விளையாட்டுத் தோன்றிச் சில மாதங்கள் கழியுமுன்னரே, மேற்கூறிய மூன்று உறுப்புக்களுள் ஒன்றையோ பலவற்றையோ நீக்கியும் மாற்றியும் புதுவகைகள் தோன்றலாயின.

பேழையை நீக்கியது ஒருவகை. அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களைக் காப்போர், காட்டினுள் எவரும் பொருள்களை மறைத்துச் செல்லுதலைப் பொதுவாக ஒப்பவில்லை. ஆதலின் ‘பேழையில்லாப் பேழை’ தோன்றிற்று. இதில் எண்கள் ஒரு நினைவுத்தூணையோ காட்சிக்குரிய இடத்தையோ சுட்டும். அங்குச் சென்றவர், நேரில் கண்டாலன்றி விடைகூற இயலாத வினாவொன்றுக்கு விடை அனுப்புதல் வேண்டும். பொது இடங்களில் நிறுவிய இணையப் படக்கருவியின் முன்னே நின்று, அக்கருவி பிடிக்கும் படத்தையே சான்றாகக் காட்டுவது இதன் இனமான மற்றொரு வகை.

மறைப்பவரை நீக்கியது இரண்டாம் வகை. ‘இன்ன தன்மையுடைய பொருளை உலகில் எங்கேனும் கண்டு, அது உள்ள இடத்தின் எண்களை அறிவிக்க’ என்பது அதன் கட்டளை. மஞ்சள் நிற ஜீப்பு வண்டியைக் காண்க என்றொரு கட்டளை இவ்வகையில் பேர்பெற்றிருந்தது. எண்களைக்கொண்டு பொருளைத் தேடாது, பொருளைக்கொண்டு எண்களை அறிவிப்பதால் இதனைத் தலைகீழ்த் தேட்டம் என்றனர்.

இடத்தை நிலையற்றதாக்கியது மூன்றாம் வகை. இதில் பேழையைக் கண்டவர் அதனை வேறோரிடத்தில் மறைத்துப் புதிய எண்களை அறிவிப்பார். பேழை ஊர்விட்டு ஊர் பெயர்ந்துகொண்டேயிருக்கும்.

கற்றலை நோக்கமாகக் கொண்டது நான்காம் வகை. 2004-ஆம் ஆண்டில் அமெரிக்க நிலநூற் கழகத்தார் தொடங்கிய எர்த்கேஷ் என்பது, பாறை, ஊற்று, கடற்கரை முதலியவற்றின் அமைப்பை நேரில் ஆராய்ந்து வினாக்களுக்கு விடையளிக்கச் செய்கின்றது. நம் பக்கத்து நாட்டிலேயே, ஒருகாலத்துக் கடலுக்கடியில் இருந்தமையைத் தன் கிளிஞ்சற் படிவங்களால் அறிவிக்கும் அரியலூர் நிலப்பகுதி இவ்வகைக்கு மிக ஏற்றதென்பது எவரும் உணர்தற்பாலது.

எண்களையே பொருளாகக் கொண்டது ஐந்தாம் வகை. அட்சமும் தீர்க்கமும் பின்னமின்றி முழுப் பாகைகளாகச் சந்திக்கும் புள்ளிகளை நேரில் கண்டு படமெடுக்கும் முயற்சியை 1996-ஆம் ஆண்டிலேயே அலெக்ஸ் ஜாரெட் என்பார் தொடங்கியிருந்தார். தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி, நாகப்பட்டினம் ஆகியவற்றைத் தன்னுள் அடக்கிய ஒரு பாகைச் சதுரத்தின் நான்கு மூலைகளை நோக்கின், ஒன்று ஆவுடையார்கோயிலுக்குத் தெற்கிலும், மற்றொன்று அரியலூருக்குத் தென்மேற்கிலும் நிலத்தின்மேல் விழும். எஞ்சிய இரண்டும் வங்கக் கடலில் விழும். 2008-ஆம் ஆண்டில் ராண்டல் மன்ரோ என்பார் வெளியிட்ட கேலிச்சித்திரம் ஒன்றினின்று பிறந்தது ஜியோஹாஷிங். இதில் நாளின் தேதியையும் அமெரிக்கப் பங்குச்சந்தைக் குறியீட்டெண் ஒன்றையும் கணக்கிலிட, ஒவ்வொரு பாகைச் சதுரத்திலும் அன்றைக்குரிய புள்ளியொன்று தோன்றும். அப்புள்ளி குளத்திலும் விழும், கழனியிலும் விழும். யார் வீட்டுக் கொல்லையிலும் விழும்.

எண்ணிக்கையைப் பெருக்குவது ஆறாம் வகை. நெடுஞ்சாலையொன்றின் இருமருங்கிலும் விதியனுமதித்த மிகக் குறைந்த இடைவெளியில் நூற்றுக்கணக்கான சிறு குப்பிகளை இட்டுச் செல்வர். நெவாடா மாகாணத்துச் சாலையொன்றில் 2010-ஆம் ஆண்டில் இவ்வாறு ஆயிரத்துக்கு மேற்பட்டவை இடப்பட்டன. ஒரு குப்பியை எடுத்து, முன்னரே பெயரெழுதிய மற்றொன்றை அவ்விடத்தில் வைத்து, எடுத்ததில் அடுத்த இடத்தை அடையுமுன் வண்டியிலேயே கையெழுத்திட்டு விரைவோரும் உளர்.

பேழை வேண்டும் என்பார் கூற்று

இவற்றைக் கண்டு மனம் வருந்துவோர் ஒருசாரார். அவர் கூறுவன வருமாறு: பேழையும் ஏடும் இவ்விளையாட்டின் உயிர். ஒருவர் மறைக்க, மற்றொருவர் காண்பதாலேயே இது விளையாட்டாகின்றது. காணத்தக்க இடங்களைச் சென்று காண்பது யாத்திரையாகலாம், சுற்றுலாவாகலாம். அவற்றுக்கு வேறு பெயர்கள் முன்னரே உள்ளன. எல்லாவற்றையும் பேழையென்று கூறப்புகின், பேழையென்னும் சொல்லுக்கே பொருளில்லாதொழியும்.

இரண்டாவதாக, சான்றின் உறுதியைப்பற்றி அவர் பேசுவர். ஏட்டில் எழுதிய கையெழுத்தை மறுப்பதற்கில்லை. வினாவுக்கு விடை அனுப்பும் முறையிலோ, வீட்டினுள் நாற்காலியில் அமர்ந்தவாறே புத்தகங்களிலும் இணையப் படங்களிலும் விடையைத் தேடி, கடல் கடந்த இடத்தையும் ‘கண்டேன்’ என்று பதிவு செய்தல் கூடும். அவ்வாறு செய்தோர் பலராதலின், இதற்கு ‘நாற்காலித் தேட்டம்’ என்னும் இகழ்ச்சிப் பெயரும் வழங்கலாயிற்று.

மூன்றாவதாக, தகுதியைப்பற்றி வாதிப்பர். பேழையை அமைப்பவர் அதனைக் காத்தும், நனைந்த ஏட்டை மாற்றியும் உழைக்கின்றார். பேழையில்லா வகைக்கு அவ்வுழைப்பு வேண்டாமையின், சிறப்பொன்றுமில்லாத வழியோரப் பொருள்களையும் சிலர் புதையலென்று பதியத் தொடங்கினர். ‘காண்போர் வியத்தற்குரியதாயிருத்தல் வேண்டும்’ என்று விதி வகுத்தபோதோ, வியப்பை அளப்பது எவ்வாறு என்னும் வழக்கு எழுந்தது. ஒருவர் வியந்ததை மற்றொருவர் வியவார். முடிவில் தளத்தை நடத்துவோர் 2005-ஆம் ஆண்டில் பேழையில்லா வகையிலும் படக்கருவி வகையிலும் புதியனவற்றை ஏற்பதை நிறுத்தினர். முன்னரே இருந்தவை மட்டும் தொடர்ந்தன. தலைகீழ் வகையோ முற்றும் நீக்கப்பட்டு, வேறொரு தளத்துக்கு மாற்றப்பட்டது.

பேழை வேண்டா என்பார் கூற்று

மற்றொரு சாரார் இதனை மறுப்பர். பேழை என்பது தேடுவோரை ஓரிடத்துக்கு ஈர்க்கும் காரணமேயன்றிப் பயன் அன்று என்பது அவர் கொள்கை. நெகிழிக் குப்பியொன்றைக் கண்டதனால் எவரும் செல்வராவதில்லை. அதனைத் தேடிச் சென்ற வழியில் கண்ட அருவியும், அறிந்த வரலாறும், நடந்த நடையுமே கைக்கொண்டு மீளும் பொருள்கள். அங்ஙனமாயின், அருவியையே சுட்டி அழைப்பதில் குற்றம் யாது?

மேலும், பேழை வைக்கவொண்ணாத இடங்களே பெரும்பாலும் காணத்தக்கவை. பழங்கோட்டை, போர்க்களம், கல்லறை, காப்புக்காடு ஆகியவற்றில் பேழையை மறைத்தல் தகாது. பேழை கட்டாயமென்னும் விதியால், சிறந்த இடங்களை விடுத்து, ஊர்ப்புறத்து விளக்குக்கம்பத்தின் அடியிலும் வேலியோரத்துக் குப்பையிலும் மக்கள் தேட நேர்கின்றது. சாலையோரத்தில் ஆயிரம் குப்பிகளை வரிசையாக இட்டு ஒரே நாளில் எடுப்பது விதிக்கு முற்றும் உட்பட்டது. ஒரு பழம்பாலத்தை நின்று நோக்கி அதன் கண்களை எண்ணி அறிவிப்பது விதிக்குப் புறம்பானது. இம்முறை எத்துணை நேர்மையுடைத்து என்பது அவர் வினா.

இவ்வினாவின் வலிமையைத் தளத்தை நடத்துவோரும் உணர்ந்தனர் போலும். 2017-ஆம் ஆண்டில், தேர்ந்தெடுத்த நாலாயிரம் பேர்க்குப் பேழையில்லா வகையில் புதியதொன்றை அமைக்கும் உரிமையை வழங்கினர். பின்னர், குறித்த எல்லைக்குள் சென்றாலன்றிக் கைபேசியில் வினாவே திறவாத ‘அட்வென்ச்சர் லேப்’ என்னும் வகையும் வந்தது. பேழைக் கட்சியினர் இதனைக் கைபேசியின் விளையாட்டென்று இகழ்கின்றனர். மற்றையோர் விரும்பி ஆடுகின்றனர். வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

நம் நாட்டு விளையாட்டொன்றின் சான்று

இவ்வழக்கைத் தீர்த்தற்கு மேனாட்டை நோக்க வேண்டுவதில்லை. ‘கிச்சுக்கிச்சுத் தாம்பாளம்’ என்னும் நம் சிறார் விளையாட்டை எண்ணிப் பார்ப்போம். மணலை நீளக் கரையாகக் குவித்து, அதனுள் ஒரு சிறு குச்சியை ஒருவர் மறைப்பார். எதிரிலிருப்பவர் குச்சி உள்ள இடத்தைக் கருதி, இரு கைகளையும் கோத்து அங்கே பொத்துவார். குச்சி அகப்பட்டால் அவர்க்கு வெற்றி. இம்முதற்பகுதி பொருளைத் தேடுவதாம். தோற்றவர்க்கோ அதன்மேலும் ஒரு பகுதி உண்டு. அவர் இரு கைகளிலும் மணலை ஏந்த, அதன் நடுவே அக்குச்சியை நட்டு, கண்களைப் பொத்தி, வளைத்தும் திருப்பியும் தொலைவில் அழைத்துச் சென்று, மணலை ஓரிடத்தில் கொட்டச் செய்து, மீண்டும் பழைய இடத்துக்கே கொணர்ந்து கண் திறப்பர். அவ்விடத்தை அவர் தாமே தேடிக் காணுதல் வேண்டும். இவ்விரண்டாம் பகுதி இடத்தைத் தேடுவதாம்.

இவ்விரண்டனுள் எது மெய்யான விளையாட்டு என்று எச்சிறுவரும் வழக்கிட்டதில்லை. பொருளைத் தேடும்போது கையும், இடத்தைத் தேடும்போது காலும் கருத்தும் பயில்கின்றன. ஆயின் ஒன்று கருதற்பாலது. இரண்டாம் பகுதியிலும் தேடுபவர் எழுந்து நடந்தே தீரவேண்டும். இருந்தவிடத்திலிருந்து ‘அதோ’ என்று கைகாட்டினால் எவரும் ஒப்பார். ஆகவே பேழையுண்மையும் இன்மையும் விளையாட்டைத் துணிவன அல்ல; மெய்யாகவே சென்றடைதலும், சென்றமைக்குப் பொய்யாத சான்றும் ஆகிய இரண்டுமே அதனைத் துணிவன என்பது போதரும்.

காவிரி நாட்டின் நிலை

இனி, நம் நாட்டுக்கு வருவோம். ஈண்டு மேற்கூறிய இரண்டோடு மூன்றாவதொன்றும் வேண்டப்படும். அஃதாவது, இடத்துக்கும் அங்கு வாழ்வோர்க்கும் ஊறு நேராமை.

புதையல் என்னும் சொல் காவிரி நாட்டில் வெறும் விளையாட்டுச் சொல் அன்று. இம்மண்ணை உழுவோரும் அடித்தளம் தோண்டுவோரும் முன்னோர் மறைத்து வைத்த செப்புத் திருமேனிகளைக் கண்டெடுத்த நிகழ்ச்சிகள் பல. திருவெண்காட்டில் 1951-ஆம் ஆண்டு முதலாகக் கிடைத்த சோழர்காலத் திருமேனிகள் தஞ்சைக் கலைக்கூடத்தை அணிசெய்கின்றன. அக்காலத் தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் 1976-ஆம் ஆண்டில் தொழிலாளி ஒருவர் தோண்டிக் கண்ட நடராசர் திருமேனியோ, கைமாறிக் கைமாறி இலண்டன் சென்றது. அங்கு நெடிய வழக்கு நிகழ்ந்து, 1991-ஆம் ஆண்டிலேதான் அது நாடு திரும்பியது. மண்ணில் மறைந்து கிடைக்கும் மதிப்புடைய பொருள் பத்து ரூபாய்க்கு மேற்பட்டதாயின், கண்டவர் அதனைக் கலெக்டர்க்கு எழுத்தால் அறிவித்தல் வேண்டுமென்று 1878-ஆம் ஆண்டின் புதையற் சட்டம் விதிக்கின்றது. புதையல் உண்டென்னும் வதந்தியால் பாழடைந்த கோயில்களின் பீடங்கள் அகழப்பட்ட செய்திகளும் நம் நாட்டிற்குப் புதியன அல்ல. இத்தகைய நாட்டில், பழங்கோயிலொன்றின் புறத்தே இருவர் கருவியும் கையுமாகக் குனிந்து தேடுவாராயின், ஊரார் அதனை விளையாட்டென்று எண்ணுவாரோ? அவர் சென்றபின் வேறு சிலர் கடப்பாரையோடு வாராரென்பது என்ன உறுதி?

அச்சத்துக்கு வேறோர் ஏதுவும் உளது. பொது இடத்தில் மறைந்து கிடக்கும் அறியாப் பெட்டியை வெடிகுண்டென்று ஐயுறுதல் இக்காலத்து இயல்பு. 2011-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், இங்கிலாந்தின் யார்க்ஷயர்ப் பகுதியிலுள்ள வெதர்பி நகரில், சிற்றுண்டிச்சாலையொன்றின் புறத்தே வைத்த மறைபேழையைப் படைத்துறையின் வெடிவல்லுநர் வந்து வெடித்தழிக்க நேர்ந்தது. விளையாட்டை நன்கறிந்த நாட்டிலேயே இவ்வாறாயின், திருவிழாக் கூட்டம் நெருங்கும் நம் சந்நிதித் தெருக்களில் இதன் விளைவு யாதாகுமென விரித்துரைக்க வேண்டா.

இனி, உழவர் நிலையையும் எண்ணுக. ஜியோஹாஷிங் சுட்டும் புள்ளி ஐப்பசி கார்த்திகையில் சம்பாப் பயிர் நிற்கும் கழனியில் விழுமாயின், அங்குச் செல்வோர் பயிரை மிதித்தன்றிச் செல்லுதல் அரிது. பிறர் நிலத்தில் இசைவின்றிப் புகலாகாதென்று அவ்விளையாட்டினரும் விதித்துள்ளனர்; வரப்பிலேயே நின்று ‘இன்று எய்தவில்லை’ என்று பதிவு செய்து மீளுதலே அறமாம். பேழையையும் இம்மண் நெடுநாள் காவாது. மழைக்காலத்து வெள்ளத்தை விடுத்தாலும், 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் வேதாரணியத்தருகே கரைகடந்த கஜாப் புயல் மன்னார்குடி வட்டாரத்திலும் எண்ணிறந்த தென்னைகளைச் சாய்த்தது. மரப்பொந்தை நம்பி மறைத்த பேழை ஒன்றிருந்தால், அதன் ஏடு எங்கே கிடந்திருக்கும்?

அளவையும் எண்ணையும் தேடுவோர் பழஞ்சின்னங்களிடத்து எத்துணை விழிப்போடு ஒழுகுதல் வேண்டுமென்பதற்கு நம் மாநிலத்து வரலாறே சான்று பகரும். 1802-ஆம் ஆண்டு ஏப்பிரல் 10-ஆம் நாள் சென்னைப் பரங்கிமலையருகே நில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன் என்பார், காவிரிச் சமவெளியை அடைந்தபோது, குன்றுகள் இன்மையாலும் தென்னையும் பனையும் நோக்கை மறைத்தமையாலும் கோயிற் கோபுரங்களையே அளவை நிலையங்களாகக் கொண்டார். 1808-ஆம் ஆண்டில், ஏறக்குறைய அரை டன் எடையுள்ள அவரது கோணமானியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றியபோது, கயிறு அறுந்து கருவி கட்டடத்தில் மோதிற்று. கருவியின் நுண்ணிய வட்டம் வளைந்து, அதனைத் திருத்துதற்கு வாரங்கள் பல கழிந்தன. அன்று கோபுரத்தின்மேல் ஏறினாலன்றி எண்ணைப் பெற இயலாதிருந்தது. இன்று அதே எண்ணைத் தெருவில் நின்றவாறே கைபேசியிற் பெறுகின்றோம். தொடாமலே காணும் வசதி வாய்த்த பின்னரும், தொட்டு மறைத்தே தீரவேண்டுமென்பது பொருந்தாது.

முடிபு

ஆதலின் இருசாரார் கூற்றிலும் உண்மை உளது. சான்று உறுதியாயிருத்தல் வேண்டுமென்னும் பேழைக் கட்சியினர் கொள்கை கைவிடற்பாலதன்று. அறியாத ஒருவர் அறியாத மற்றொருவர்க்கென வைத்த சிறு பரிசும், முன்வந்தோர் கையெழுத்துக்கள் நிறைந்த ஏடும் தரும் தோழமை உணர்ச்சியை வேறெவ்வகையும் தருதல் அரிது. ஆகவே இசைவோடு வைக்கத்தக்க இடங்களில் பேழை இருக்கட்டும். நூலகத்து அடுக்கில் நூல்களோடு நூலாக மறைந்திருக்கும் பேழைகள் வெளிநாடுகளில் உள. நூலகத்தார் உடன்பட்டால் அது நம் ஊருக்கும் ஒவ்வும். கோயில், குளம், கழனி, ஆற்றங்கரை ஆகியவற்றிலோ பேழையில்லா வகையே தக்கது.

ஆயின் பேழையில்லா வகைக்கு வினா வகுப்பவர் பெரும் பொறுப்புடையவராவர். ‘மன்னார்குடி மதிலழகு’ என்பது நாடறிந்த மொழி. இராசகோபாலசுவாமி கோயிலின் கோபுரம் 154 அடி உயரமுடையதென்றும், ஹரித்திராநதி என வழங்கும் தெப்பக்குளம் 23 ஏக்கர்ப் பரப்புடையதென்றும் நூல்களிலேயே காணலாம். இவற்றை வினாவாக்கினால் நாற்காலித் தேட்டத்துக்கு வழிதிறந்தவராவோம். அதற்கு மாறாக, ‘இன்று இப்படித்துறையில் நீருக்குமேல் தோன்றும் படிகள் எத்தனை? பாமணியாற்றில் இன்று நீர் ஓடுகின்றதோ, நின்றுள்ளதோ?’ என்று வினவுவோமாக. இவற்றின் விடை நாள்தோறும் மாறுவது, எந்நூலிலும் எழுதப்படாதது, வந்து நின்று நோக்கினார்க்கே புலனாவது. முதல்நாள் வந்தவர் விடையோடும் மறுநாள் வந்தவர் விடையோடும் ஒப்பிட்டால் பொய்யும் புலப்பட்டுவிடும்.

இதனால் விளையும் பயன் வேறொன்றும் உண்டு. ஓராண்டில் நூறுபேர் வந்து எண்ணினாராயின், அக்குளத்தின் நீர் எந்நாளில் ஏறிற்று, எந்நாளில் இறங்கிற்று என்பதற்கு நூறு குறிப்புக்கள் சேரும். மேட்டூரின் மதகு திறக்கும் நாளையும் பருவமழையையும் எதிர்நோக்கி வாழும் நாட்டில் அக்குறிப்பு எளியதோர் ஏடு அன்று. பேழையினுள் இட்ட ஏடு வந்தவர் பெயரை மட்டும் காக்கும். இவ்வேடோ வந்தவர் பெயரோடு நம் நீரின் வரலாற்றையும் காக்கும். கல்லூரித் தோழர் நால்வர் விடுமுறை நாளொன்றில் ஒருங்கு கூடினால், கைப்பொருட் செலவின்றி இதனைத் தொடங்கிவிடலாம். பேழையின்றியும் புதையல் உண்டோ என்னும் வினாவுக்கு அப்படித்துறையில் நின்று அவர்கள் எழுதும் முதல் எண்ணே தக்க விடையாகும்.